கொக்கின் கண் எங்கே பார்க்கிறது

யானையைத் தேடிய ஓர் ஆசிரியருக்கு உருளைக்கிழங்கு கிடைத்த செய்தி, காலைத் தேநீர் ஆறுவதற்குள் நூலகம் முழுவதும் பரவிவிட்டது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் தலைமை நூலகர். அலுவலக நேரத்தில் சிரிப்பதில்லை என்ற கொள்கை உடைய அம்மையார். மற்றவர், அந்தக் கிழங்குக்குப் பொறுப்பானவர். அவரை எல்லோரும் உவமையார் என்று கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கான அந்த நூலகத்தின் பின்னறையில் அவருக்கு ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு கணினி. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. பழைய பாடப் படங்கள், கதை அட்டைகள், சுவரில் மாட்டிக் கிழிந்த விளக்கப்படங்கள் எல்லாம் கட்டுக்கட்டாக அவரிடம் வரும். மெல்லிய துணியால் தூசியைத் தட்டுவார். பூச்சி அரித்த ஓரத்தை விரலால் நீவுவார். கண்ணாடி மேல் கவிழ்த்து, மூடியை அழுத்தி, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். பிறகு உட்கார்ந்து, படத்தில் என்ன இருக்கிறது என்று கட்டத்துக்குள் தட்டச்சு செய்வார்.

அந்தக் குறிப்பு திரையில் தெரியாது. சட்டைக்கு உட்புறம் தைத்த துணி போல அது படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தேடுபொறி அதைப் படித்துத்தான் எது யானை, எது எருமை என்று தெரிந்துகொள்ளும். பார்வை இல்லாதவர்களுக்கு அதை வாசித்துக்காட்டும் இயந்திரக் குரல் ஒன்றும் உண்டு. மற்றபடி கண்ணுள்ள ஒருவரும் அதைக் காண்பதில்லை. காணாத இடத்தில் யார் அக்கறையாக வேலை செய்வார்கள்? உவமையார் செய்தார். பழைய தேடுபொறி தலைப்பை மட்டும் பார்த்ததால் அவருடைய அக்கறை யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. இந்த மழைக்காலத்தில் வந்த புதியதோ, குறிப்பை ஒரு சொல் விடாமல் மேய்ந்தது. வினை அங்கே தொடங்கியது.

"சார், உக்காருங்க" என்றார் தலைமை நூலகர். "யானைன்னு அடிக்கிறேன், பாருங்க."

அடித்தார். திரையில் உருளைக்கிழங்கு வந்து நின்றது.

"இது என்ன?"

"உருளைக்கிழங்குங்க மேடம்."

"அது எனக்கும் தெரியுது. ஏன் வந்துச்சு?"

உவமையார் தரையைப் பார்த்தார். "கிழங்கோட முனை யானைக் கால் நகம் மாதிரி இருந்துச்சுங்க. அப்படியே எழுதிட்டேன்."

"கப்பல்னு அடிச்சா பிஞ்ச செருப்பு வருது. நிலான்னு அடிச்சா ஒரு பெரியவரோட வழுக்கைத் தலை வருது. கிரகண பாடம் எடுக்கற டீச்சர் போன் பண்ணி விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. எனக்கு எங்க மூஞ்சிய வச்சுக்கறதுன்னு தெரியல."

"அந்த வழுக்கை நெஜமாவே மேடம்..."

"சார்."

"சரிங்க மேடம்."

"இனிமே ஒரு படத்துக்கு நாலஞ்சு வார்த்தை. என்ன இருக்கோ அதோட பேரு மட்டும். மாதிரி, போல, ஒண்ணும் கூடாது. பழசையும் வெட்டிடுங்க. மாசக் கடைசில ஆசிரியர்களுக்குப் பயிற்சி வச்சிருக்கேன். அவங்க முன்னாடி நான் யானைன்னு அடிச்சா யானைதான் வரணும்."

"படிச்சுக்காட்டற குரல் ஒண்ணு இருக்கேங்க... அதைக் கேக்கறவங்களுக்கு..."

"எந்தப் பள்ளிக்கூடத்துலேருந்தாவது அது வேணும்னு ஒருத்தர் கேட்டிருக்காங்களா?"

ஒருவரும் கேட்டதில்லை. உவமையார் எழுந்து பின்னறைக்குப் போனார்.

வெட்டுவது எழுதுவதைவிட எளிதாக இருந்தது. காது ஒன்று மடிந்த கழுதை, வெறும் கழுதை ஆயிற்று. ஓட்டை வாளியை எட்டிப் பார்த்துக் கவலைப்பட்ட கிணற்றுக்காரி, 'கிணறு, பெண், வாளி' ஆனாள். ஒரு கதை அட்டையில் கொக்கு ஒன்று தவளைக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அவர் எழுதியிருந்ததை வெட்டுமுன் ஒருமுறை படித்தார்: "குடை தவளையின் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதனால் கொக்கின் முதுகு நனைகிறது. கொக்கின் கண் தவளையைப் பார்க்கவில்லை, மழையைப் பார்க்கிறது." நல்ல வாக்கியங்கள்தாம். யாருக்காக? 'கொக்கு, தவளை, குடை, மழை' என்று அடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். பக்கத்தில் வாளிக்குள் கூரைநீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவருடைய வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. தெருவைப் பார்த்த அறையில் மைத்துனன் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். மனைவியின் தம்பி, நாக்கு நீளம், கை சுத்தம். வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் அவனுடைய ஈய வாசனையையும் கிண்டலையும் தாண்டித்தான் நுழைய வேண்டும்.

"வாங்க மாமா. யானை கிடைச்சுதா?"

"உனக்கு யாருடா சொன்னது?"

"டிஸ்ப்ளே மாத்த வந்த வாத்தியார் ஒருத்தரு. சிரிச்ச சிரிப்புல புது கண்ணாடிய உடைச்சிருப்பாரு."

உள்ளே மனைவி பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அவள் தலையை ஒருபுறம் சாய்த்து அவரைப் பார்த்தாள். கொஞ்ச காலமாக அவளுக்கு அப்படிச் சாய்த்துப் பார்க்கும் வழக்கம். மைனா பார்ப்பது போல் இருக்கிறது என்று அவர் தமக்குள் ரசித்திருந்தார். உவமை கிடைத்துவிட்டால் அவருக்கு மனம் நிறைந்துவிடும். அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றாது.

"ஸ்கூல்ல என்ன விசேஷம்?" என்றார்.

"என்ன இருக்கு? மாடியிலேருந்து என் கிளாஸைக் கீழ இறக்கினாங்கல்ல, இப்போ படி ஓரமெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடிக்கறாங்க. ஹெச்.எம். உத்தரவு. எதுக்குன்னு கேக்க யாருக்குத் தைரியம்?"

தலைமையாசிரியை காரணம் சொல்லாமல் உத்தரவு போடுகிறவர். நடைபாதையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் ஆசிரியர்களே எழுந்து நின்றுவிடுவார்கள்.

"நல்லதுதானே. படி ஏற வேண்டாம்."

"நல்லதா? ஒருத்தரைக் கீழ இறக்கினா அடுத்து எங்க அனுப்புவாங்க? ஆபீஸுக்கு. பைல் அடுக்க." அவள் விரல்கள் பருப்பைத் தடவித் தடவி ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தன. "என்கிட்ட ஏதோ குறை கண்டுபிடிச்சிருக்காங்க. பூனை எலியைத் திங்கறதுக்கு முன்னாடி மெல்லப் பிடிச்சுப் பாக்கற மாதிரி இருக்கு."

"நீயும் மாதிரி போட ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்தார் அவர். அவள் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு மாலை. மழை விட்டு, சந்தில் நீர் தேங்கியிருந்தது. உவமையார் வீட்டுக்குள் வந்தபோது பருப்பு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. மனைவி பலகையில் பாதி உரித்த வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, அந்தக் கொக்கு எங்க பாக்குது?"

"எந்தக் கொக்கு?"

"குடை பிடிச்சிட்டிருக்கே, அந்தக் கொக்கு."

"அதுவா? மழையைப் பாக்குது." துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். "ஏன், கிளாஸ்ல போட்டியா அந்தப் படத்தை?"

"போட்டேன். நான் எந்தப் படத்தைப் போட்டாலும் பிள்ளைங்ககிட்ட மொதல்ல அதைத்தான் கேப்பேன், கண்ணு எங்க பாக்குதுன்னு. இன்னிக்கு பாதிப் பேரு கொக்கு தவளைய திங்கப் போகுதுங்கறாங்க. பாதிப் பேரு இல்லங்கறாங்க. சண்டையே வந்துடுச்சு. கடைசில ஒரு வாலு எழுந்து, நீங்களே சொல்லுங்க டீச்சர், அது எங்க பாக்குதுன்னு கேட்டுடுச்சு." அவள் வெங்காயத் தோலை நகத்தால் கீறினாள். "எனக்குத் தெரியல. எல்லாரும் எழுதுங்கன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்."

"தெரியலன்னா? படம்தான் சுவர் முழுக்க..."

"ஏன் வெட்டினீங்க?" வெங்காயத்தை வைத்துவிட்டாள். "கழுதைக்கு ஒரு காது மடிஞ்சிருக்குன்னு எழுதியிருந்தீங்க, இப்போ காதே காணோம். வாளியில ஓட்டை இருந்துச்சு, அதையும் காணோம். எல்லாத்தையும் ஏன் வெட்டினீங்க?"

துண்டு அவர் தலைமேலேயே நின்றுவிட்டது.

படத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைக் கண்ணால் காண முடியாது. காதால் கேட்டவருக்கு மட்டுமே தெரியும். அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த ஊரில் இல்லை.

"எப்பலேருந்து கேக்கற?" என்றார் மெதுவாக.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். "போன வெயில் காலத்துலேருந்து. நேரா பாத்தா நடுவுல ஒரு புகை. ஓரத்துல கொஞ்சம் தெரியும். டாக்டர், இருக்கறது தங்கினாலே பெரிசுன்னாரு. தம்பிதான் போன்ல அந்தக் குரலைப் போட்டுக் குடுத்தான். சாயந்திரம் மாடியில உக்காந்து நாளைக்குப் போடற படத்தையெல்லாம் கேட்டுப்பேன். நீங்க எழுதியிருக்கறதைக் கேட்டா படம் அப்படியே நிக்கும். பிள்ளைங்க முன்னாடி தைரியமா நிப்பேன்."

மைனா என்று ரசித்தது இதையா! மடிந்த கழுதைக் காதைக் கண்ட கண்ணுக்கு, சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குள் போகும் கை தெரியவில்லை. அவர் பலகைக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க முகத்தை வச்சுக்கற விதத்துலயே ஊருக்கெல்லாம் தெரிஞ்சுடும். தெரிஞ்சா கிளாஸ் போயிடும். பிள்ளைங்க இல்லாம நான் என்னங்க செய்வேன்?"

வாசலறையில் ஈயம் பற்றவைக்கும் கோலின் சீறல் நின்றிருந்தது.

"அங்க நின்னு ஒட்டுக் கேக்காத, உள்ள வாடா" என்றார் உவமையார்.

மைத்துனன் நிலைப்படியில் வந்து நின்றான். "மாமா, என்னைத் திட்டறதுன்னா திட்டிடுங்க. அக்கா சத்தியம் வாங்கிடுச்சு."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதுன்னு யாரு சொன்னா? நீங்கதான் தினமும் அக்காவுக்குப் படிச்சுக்காட்டிட்டு இருந்தீங்க. என்ன, ஆபீஸ்ல உக்காந்து காட்டினீங்க." பிறகு தயங்கிச் சொன்னான்: "அந்தக் குரல் உங்க வாக்கியத்தையெல்லாம் செத்த பாம்பு மாதிரிதான் படிக்கும். அக்கா அதுக்கே சிரிக்கும் மாமா. மாடியில தனியா உக்காந்து சிரிக்கும். வழுக்கைத் தலைக்கு அன்னிக்கு அப்படிச் சிரிச்சுது."

உவமையார் எழுந்து பருப்பை மறுபடி அடுப்பில் ஏற்றினார். மீதி வெங்காயத்தை அவரே உரித்தார். அன்று அந்த வீட்டில் எல்லோருக்கும் வெங்காயம் உதவியாக இருந்தது.

மறுநாள் அவர் வெட்டிய குறிப்புகளையெல்லாம் மீட்கத் தொடங்கினார். கணினி பழைய பிரதிகளை வைத்திருந்தது. கழுதைக்குக் காது வந்தது; வாளிக்கு ஓட்டை வந்தது. தலைமை நூலகர் வாசலில் நின்று, "வேலை எந்த அளவுல இருக்கு சார்?" என்று கேட்கும்போதெல்லாம், "நடக்குதுங்க மேடம்" என்றார். பொய் இல்லை, நடந்துகொண்டுதான் இருந்தது, எதிர்த் திசையில். உண்மையைச் சொன்னால் மனைவியின் வகுப்பு போய்விடும். சொல்லாவிட்டால் அவருடைய மேசை போகலாம். இரண்டையும் நினைத்து நினைத்துப் பார்த்தும் அவருக்கு ஒரு வழி புலப்படவில்லை.

பயிற்சி நாளும் வந்தது. நூலகக் கூடத்தில் நீண்ட மேசைகள் போட்டு, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார்கள். சுற்று வட்டாரத்துப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் குடையை உதறிக்கொண்டே வந்தார்கள். உவமையாருக்குத் திரைக்குப் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்தபடி, கணினிக்கு முன்னால் இடம். அவருடைய மனைவி ஓரத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், முதுகு வளையாமல், தலைமையாசிரியை.

தலைமை நூலகர் நன்றாகவே பேசினார். எப்படித் தேடுவது, எதைச் சேர்த்தால் தேடல் சுருங்கும், கிடைத்ததை எப்படி எடுத்து வைப்பது என்றெல்லாம் விளக்கினார். "சமீபத்துல சில குழப்பம் இருந்துச்சு. சரி பண்ணியாச்சு. இப்போ யானைன்னு அடிக்கப் போறேன்" என்று சொல்லி அடித்தார்.

உருளைக்கிழங்கு வந்தது. சுவர் அகலத்துக்கு வந்தது.

கூடம் சிரிப்பில் குலுங்கியது. தலைமை நூலகர் திரும்பி, "சார்?" என்றார். உவமையார் எழுந்தார். உலகத்தில் எதையும் எதற்கும் ஒப்பிடத் தெரிந்த மனிதருக்கு அப்போது ஒரு சொல்லும் வரவில்லை.

"நான் வெட்டலீங்க மேடம்" என்றார் கடைசியில்.

"அதான் தெரியுதே. ஏன்னு கேக்கறேன். எல்லார் முன்னாடியும் என்னை..."

ஓரத்து மேசையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அவருடைய மனைவி எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கணும். திரையில வந்திருக்கறது அந்தக் கிழங்குதானே?"

"ஆமா" என்றார்கள் நாலைந்து பேர்.

"ஈர மண்ணோட இருக்கும். இடது பக்கம் மண்வெட்டி பட்ட காயம் ஒண்ணு இருக்கும், அங்க மட்டும் வெளுப்பு. முனை யானைக் கால் நகம் மாதிரி. சரியா?"

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். சரியாகவே இருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லைங்க. பாக்கவும் முடியாது. என் கண்ணு போயிட்டிருக்கு." கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். "எழுதியிருக்கறதை போன் படிக்கும், நான் கேப்பேன். அதை வச்சுத்தான் இத்தனை நாள் பாடம் நடத்தினேன். பிள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் குறையல. நாலு வார்த்தையா வெட்டின அன்னிக்குத்தான் குறைஞ்சுது. கொக்கு எங்க பாக்குதுன்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு, என்னால சொல்ல முடியல. யானை வேணும்னு தேடறவங்களுக்கு யானை கிடைக்கட்டும், நான் வேணாங்கல. கிழங்கைக் கேக்கறவங்களுக்கு அந்த நகத்தோட கிடைக்கணும். அவ்வளவுதான்."

தலைமை நூலகர் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க எந்தப் பள்ளி?" என்று கேட்டார்; குரல் இறங்கியிருந்தது.

"இவங்க ஸ்கூலு" என்று பக்கத்தில் கை காட்டினாள். "உங்க உவமையாரோட வீட்டுக்காரி."

மறுபடி சிரிப்பு எழுந்தது. இம்முறை அது வேறு சிரிப்பு.

"சார்" என்றார் தலைமை நூலகர். "அந்தக் கட்டத்தை ரெண்டா பிரிக்க முடியுமா? தேடறதுக்கு ஒண்ணு, கேக்கறதுக்கு ஒண்ணு?"

"முடியும்னு நெனைக்கிறேன் மேடம்."

"இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? கிழங்குக்கெல்லாம் உவமை வருது, வேண்டிய நேரத்துல ஒரு வார்த்தை வரலியே உங்களுக்கு!" அலுவலக நேரம் முடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. ஆனாலும் அவர் சிரித்தார்.

கூட்டம் கலைந்தபோது தலைமையாசிரியை எழுந்து, "நாளைக்குக் காலைல என் ரூமுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் படியிறங்கி மறைந்தது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. இருவருக்கும் ஒரே குடை. மனைவி அவருடைய கையைப் பிடித்திருந்தாள். தெருவில் அப்படிப் பிடிப்பது அவளுக்குப் புதிது. வழியில் பள்ளம் வந்த இடத்தில், "பள்ளம்" என்றார். தாண்டினாள்.

"ரூமுக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றாள். "முடிஞ்சுது. நாளைக்கு என்னைத் தின்னுடுவாங்க."

எதிரே வந்த சைக்கிளுக்கு அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"ஏங்க, நீங்க எதிர்த்தாப்பல உக்காந்திருந்தீங்க. நான் பேசினப்போ அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"அது வந்து... சுண்ணாம்பு அடிச்ச சுவர் மா..."

"மாதிரி வேணாம். இருந்ததைச் சொல்லுங்க."

அவர் நின்றார். பின்னறையில் படத்தின் முன் உட்காரும்போது நிதானிப்பாரே, அப்படி நிதானித்தார்.

"உன் முழங்கைக்குப் பக்கத்துல தண்ணி டம்ளர் இருந்துச்சு. நீ எழுந்தா தட்டிவிடற இடத்துல. ஹெச்.எம். கையை நீட்டி அதைத் தள்ளி வச்சாங்க."

"நான் பேசின அப்புறமா?"

"இல்ல. நீ எழுந்திரிக்கறப்பவே. கண்ணுங்கற வார்த்தைய நீ சொல்றதுக்கு முன்னாடி."

தூறல் குடைமேல் தட்டிக்கொண்டிருந்தது. கீழே இறங்கிய வகுப்பையும், படி விளிம்புகளில் பூசிய வெள்ளையையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள் என்பது, அவர் கையைப் பிடித்திருந்த விரல்களில் தெரிந்தது.

"முன்னாடியா?" என்றாள்.

"முன்னாடிதான்."

"அப்போ அவங்க கண்ணு எங்க பார்த்துச்சு? என்னையா?"

"உன்னைப் பாக்கல" என்றார் அவர். "நேரா முன்னாடி பார்த்துட்டு இருந்தாங்க. கை மட்டும்தான் உன் பக்கம் வந்துச்சு."

அவள் சிறிது தூரம் நடந்தாள். பிறகு குடைக்கம்பை மெல்லத் தொட்டுப் பார்த்து, அது தன் பக்கமே சாய்ந்திருப்பதை அறிந்து, நனைந்துகொண்டிருந்த அவர் தோளின் பக்கமாக அதை நகர்த்தி வைத்தாள்.